மடங்காத இருக்கைகள்

தங்கையின் மைக்கில் இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று தங்கையுடையது. அக்காவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அம்மா போன பிறகு ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழ், இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மூச்சு அது. பயந்தால் நடுவில் ஒரு இடத்தில் சிக்கும், பிறகு தானே சரியாகிவிடும். இன்னொன்று அதைவிட மெதுவாக, ஈரமாக, மூக்கடைத்த ஆள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு விடுவதைப் போல வந்தது. பக்கத்து இருக்கையில் யாரோ ஜலதோஷக்காரர் என்று நினைத்துக்கொண்டு, ஹெட்போனைக் காதோடு அழுத்தியபடி, அக்கா கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். தங்கைக்கு இந்தப் பக்கம் யாருமில்லை. அந்தப் பக்கமும் யாருமில்லை.

அது பகல் காட்சி. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே துவைக்காத திரைச்சீலையின் வாசனையும், ஈரக் குடைகளை எப்போதோ வைத்து மறந்துபோன மாதிரி ஒரு புழுக்கமும். அரங்கின் கடைசிச் சுவரில், எல்லோர் தலைக்கும் மேலே, மீன்தொட்டி போலக் கண்ணாடி வைத்த சின்ன அறையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒலி போர்டு. ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு குமிழ். எந்தக் குமிழைத் திருப்புகிறாளோ அவருடைய உலகம் அவள் காதுக்குள் வந்துவிடும்: சட்டைத் துணி உரசுவது, எச்சில் விழுங்குவது, வயிறு கடமுடா என்பது. ஊரில் பாதிப் பேரின் வயிற்றை அவள் கேட்டிருக்கிறாள். அதனாலோ என்னவோ, மனிதர்கள்மேல் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

இவர்கள் செய்யும் வேலை வெளியே தெரிந்துவிட்டால் வேலையே இல்லை. சுவரொட்டியில் ஒரு நீதிமன்ற நாடகம் என்று மட்டும்தான் போட்டிருக்கும். நாடகமும் அப்படித்தான் போகும், கொட்டாவி வரும் அளவுக்கு. கடைசிக் காட்சியில் நீதிபதி தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அரங்கத்தைப் பார்த்து, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். அப்போது ஜனங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆள் எழுந்து பாடுவான். பக்கத்தில் இருப்பவர்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள், சட்டையைப் பிடித்து இழுப்பவர்களும் உண்டு. அதற்குள் நாலு வரிசை தள்ளி இன்னொருத்தி எழுந்து பாடுவாள். பிறகு இன்னொருவர். இத்தனை நேரமும் தன் தோளில் தோள் இடித்துக்கொண்டு இருந்தவர் பாடகர் என்று தெரியும்போது ஜனங்களின் முகம் போகிற போக்கைப் பார்க்கத்தான் இந்த நாடகமே.

அதற்கு டைரக்டர் வைத்திருந்த கட்டளைகள் சில. டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக வர வேண்டும். காலருக்குள் பட்டாணி அளவு மைக். இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் யாரையும் யாருக்கும் தெரியாது. பெற்ற தாய் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கூட்டத்தில் யார் குறுக்கே கத்தினாலும் நின்றுவிடக் கூடாது, கத்தியதையே பிடித்துப் பாட்டோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஒரு பெரியம்மா, "உக்காருய்யா, மேடை தெரியல" என்று கத்தினாள். குழுவில் பீப்பாய் என்று பேர் எடுத்த கனத்த குரல்காரர் அதையே ராகம் போட்டுத் திருப்பிப் பாடினார். நெட்டை என்கிற உயரமானவள் அதற்குப் பின்பாட்டு பாடினாள். ஸ்பாட் லைட் பெரியம்மாமேல் விழுந்தது. அரங்கமே கைதட்டியது. பெரியம்மாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. டைரக்டர் ஒரு வாரம் அந்தக் கதையையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தங்கைக்கு இன்றுதான் முதல் நாள். குழு முழுக்க அவளைக் குட்டி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அக்கா அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு ஒட்டிக்கொண்டது. தலை துவட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அவள் பாடுவதைக் கேட்டு, "வாயை மூடுடி, காது வலிக்குது" என்று அக்கா அதட்டுவாளே தவிர, அவள் பாட்டை நிறுத்தினால் வீடு வீடாக இருக்காது. நாள் முழுக்க அடுத்தவர் சத்தத்தைக் கேட்டுச் சம்பாதிக்கிறவளுக்கு, தனக்கென்று கேட்க இருந்தது அது ஒன்றுதான். மூக்குக்கண்ணாடி போட்டதால் குழுவில் கண்ணாடிக்காரி என்று பேர் எடுத்த பாடகி திடீரென்று வேலையை விட்டுப் போனதும், அந்த இடத்துக்குத் தங்கையைப் பேசி, மன்றாடி, டைரக்டரிடம் சேர்த்துவிட்டது அக்காவேதான்.

கண்ணாடிக்காரி போனது ஒரு மாதிரி. பாட்டின் நடுவில் அவள் குரல் நின்றது. காட்சி முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். கடைசி வரியை நெட்டைக்குத் தரப்போவதாக டைரக்டர் சொல்லியிருந்தார், அந்தக் கோபம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பாடுகிறவர்களுக்கு மூக்கின்மேல் கோபம், இது என்ன புதிதா. போன் செய்தால் எடுத்தாள். எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்தாள்.

இன்று மதியம் அரங்கத்தின் பின்வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அக்காவின் கையை இறுக்கிப் பிடித்து வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு விரலை உதட்டின்மேல் வைத்து, அதே விரலைத் தங்கைக்கு நேராக நீட்டினாள்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோவம்னா வாயைத் திறந்து சொல்லு. சின்னப் பொண்ணை எதுக்கு மிரட்டுற?"

கண்ணாடிக்காரி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுக்கா, என் எடத்துல அவங்க இருந்தா நானும்தான் முறைப்பேன்," என்று சொல்லிக்கொண்டே அக்காவை உள்ளே இழுத்துப்போனாள்.

இப்போது அந்த விரல்தான் அக்காவின் கண்முன் நின்றது.

அவள் வாக்கி டாக்கியை எடுத்தாள். "சார், குட்டி பக்கத்துல யாராவது இருக்காங்களா? எனக்கு ரெண்டு மூச்சு கேக்குது."

மேடைக்குப் பக்கவாட்டில் நின்ற டைரக்டரின் குரல் எரிச்சலோடு வந்தது. "ஏசி சத்தமா இருக்கும். உன் தங்கச்சின்னா உடனே ஆரம்பிச்சுடாத. வேலையைப் பாரு."

ஏசி சத்தத்துக்கும் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள். ஆனாலும் வாக்கி டாக்கியைக் கீழே வைத்தாள். குமிழைத் திருப்பிப் பீப்பாயைக் கேட்டாள். ஒரே மூச்சு, வழக்கமான கறகறப்போடு. நெட்டையைக் கேட்டாள், சூயிங்கம் மெல்லுகிறாள், மெல்லக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. மறுபடியும் தங்கைக்கு வந்தாள். அங்கே, வெகு அருகில், தட் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இந்த அரங்கத்து இருக்கைகள் ஆள் எழுந்தால் தாமாக மேலே மடங்கிக்கொள்ளும். ஆள் உட்கார்ந்தால்தான் கீழே இறங்கும். இறங்கும்போது இரும்பு இரும்பில் இடித்து இப்படித்தான் கேட்கும். கீழே பார்த்தாள். தங்கைக்கு வலது பக்கத்து இருக்கை கீழே இறங்கியிருந்தது. அதில் யாருமில்லை.

அறைக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைக்கும் அம்மாளைக் கூப்பிட்டாள். டார்ச்சம்மா படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"அந்த வரிசையில ஒரு சீட்டு தானா எறங்கியிருக்கு பாருங்க."

"ஒண்ணா? அது ஸ்பிரிங் போன சீட்டும்மா. கண்ணாடிப் பொண்ணு உக்காருமே, அதுக்குப் பக்கத்துல முதல்ல ஒண்ணு எறங்குச்சு. இப்போ அங்கங்க எறங்குது. ரிப்பேர்காரன் வந்து கழட்டிப் பாத்தான். ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்குங்கறான். நல்லா இருந்தா எதுக்கு எறங்குது?" டார்ச்சம்மா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. இறங்கின சீட்டு மேல கை வெச்சா சூடா இருக்கு. ஆள் உக்காந்து எழுந்த மாதிரி."

சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க இறங்கிப் போய்விட்டாள். அக்கா அந்த இறங்கிய இருக்கையை மறுபடி பார்த்தாள். பயமாக இருந்தது, அதை அவள் தனக்குத்தானே மறைக்கவில்லை. ஆனால் தங்கையின் காதில் பேசுவதற்கு வழி எதுவும் இல்லை. மைக் அவளிடமிருந்து வரும். அவளுக்கு எதுவும் போகாது. அப்படி வைத்ததும் டைரக்டரின் யோசனைதான், காதில் கருவி தெரிந்தால் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

மேடையில் வக்கீல் உருகிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருத்தர் இருமினார், இன்னொருத்தர் பிஸ்கட் உறையைப் பிரித்தார். தங்கையின் மூச்சு ஒரு தடவை சிக்கியது. அவளுக்கும் ஏதோ தெரிகிறது. அந்த மூச்சு கழுத்தில் படுகிறது போலிருக்கிறது. அவள் தலையைத் திருப்பவில்லை, கட்டளை. பள்ளியில் முதல் வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த அதே மாதிரி, மேடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் நீதிபதி.

பீப்பாய் எழுந்தார். முதல் வரி, அடி வயிற்றிலிருந்து, அரங்கத்தின் தூண்கள் வரைக்கும் போயிற்று. பக்கத்திலிருந்த பெண்மணி கையிலிருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள். சிரிப்பு. லைட் அவர்மேல் விழுந்தது. அக்கா அவருடைய குமிழை உயர்த்தினாள். இரண்டாவது வரி தொடங்கியது. அப்போது அவருடைய மைக்கில், அவர் வாயைவிட அவர் காதுக்குப் பக்கத்தில், ஒரு சத்தம் கேட்டது.

உஷ்.

குழந்தையைத் தூங்க வைக்கும் உஷ் இல்லை அது. சகிக்க முடியாதவர் சொல்லும் உஷ்.

பீப்பாயின் குரல் நின்றது. வாய் நிற்கவில்லை. வாய் முழுசாகத் திறந்து, மூடி, வார்த்தைகளை உருட்டிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. மைக் செத்துவிட்டது என்று அக்கா கை நீட்டினாள். மைக் சாகவில்லை. அவருடைய சட்டை உரசுவது கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிவது கேட்டது. தொண்டை திறக்கும் 'களுக்' கேட்டது. எல்லாம் இருந்தது, குரலைத் தவிர.

ஜனங்கள் ஓ என்று சிரித்தார்கள். ஊமை வேஷம் என்று நினைத்துவிட்டார்கள். டைரக்டரும்தான்: "என்ன சேட்டை பண்றான் இவன்? ஆனா நல்லா இருக்கு, விடு."

"சார், அவருக்குக் குரல் போயிடுச்சு. யாரோ பக்கத்துல..."

"எதையும் தொடாத. நெட்டையை ஏத்து."

நெட்டை எழுந்து பாட ஆரம்பித்திருந்தாள். அவளுக்குப் பிறகு தங்கை. நெட்டைக்குப் போகவிருந்த கடைசி வரி இப்போது தங்கைக்கு.

கண்ணாடிக்காரி கோபத்தில் போகவில்லை. அக்காவுக்கு அது இப்போதுதான் தெரிந்தது. அவள் பேசாமல் இருக்கவில்லை, அவளால் பேச முடியவில்லை. பின்வாசலில் நின்று மிரட்டவில்லை. சொல்லிக்கொண்டிருந்தாள். பாடுவதை வைத்துப் பிழைக்கிற ஒருத்தி, தன்னிடம் மிச்சமிருந்த ஒரே ஒரு விரலால் சொல்லிக்கொண்டிருந்தாள், இவள் எரிந்து விழுந்துவிட்டு வந்தாள்.

தட்.

பீப்பாயின் பின்வரிசையில் ஒரு இருக்கை இறங்கியது. தட். அதற்குப் பக்கத்தில். தட், தட். ஆள் அடையாளம் தெரியாமல் கூட்டத்துக்குள் உட்கார்ந்து, நேரம் வரும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது இவர்களின் தொழில். அதை வேறு யாரோ இவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஹெட்போனைத் தங்கையின் மைக்குக்கு மாற்றிவிட்டு, ஸ்பீக்கர்களுக்குப் போகும் பெரிய குமிழை ஒரே திருப்பில் மூடினாள். ஸ்பீக்கர்கள் அணைந்தன. நெட்டை நிறுத்தவில்லை, மைக் போனால் தொண்டையைத் திறந்து பாடு என்று பழக்கியிருந்தார்கள். வாக்கி டாக்கியில் டைரக்டர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா அதை மேஜையில் போட்டுவிட்டு, வயரில்லாத ஹெட்போன் கழுத்தில் தொங்கத் தொங்கப் படியிறங்கி ஓடினாள். கதவைத் தள்ளினாள். இருட்டு. கம்பளத்தில் அவள் கால் சத்தம் கேட்கவில்லை. நடைபாதையின் இரண்டு பக்கமும், அவள் தாண்டத் தாண்ட, காலி இருக்கைகள் இறங்கின. தட். தட். தட்.

கழுத்திலிருந்த ஹெட்போனிலிருந்து தங்கையின் மூச்சு கசிந்துகொண்டிருந்தது. அதோடு இன்னொன்று. இப்போது அது ஒன்றில்லை.

"குட்டி, பாடாத!" அக்கா கத்தினாள். "வெளிய வாடி!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

பிறகு கைதட்டினார்கள்.

லைட் சுழன்று வந்து அவள்மேல் விழுந்தது. மேலே லைட் போடும் ஆளுக்கும் அதே பழக்கம்தான், கத்துகிறவர்மேல் போடு. வெளிச்சத்தில் அவளுக்குக் கண் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருத்தர், "பாத்தியா, இந்தப் பொண்ணும் அவங்க ஆளுதான், நான் அப்பவே சொன்னேன்ல," என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

"நான் நடிக்கல. நெஜமாத்தான் சொல்றேன். எல்லாரும் வெளிய போங்க."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அதற்குள் நெட்டை பிடித்துக்கொண்டுவிட்டாள். எவ்வளவு கெட்டிக்காரி. "பாடாத, பாடாத, வெளிய வா," என்று அவள் அக்காவின் வார்த்தைகளை எடுத்து, பாட்டின் மெட்டில் கோர்த்து, கையை அக்காவை நோக்கி நீட்டிப் பாடினாள். அழகாக இருந்தது. ஜனங்கள் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கினார்கள்.

தங்கை திரும்பிப் பார்த்தாள்.

பார்த்துவிட்டாள். கட்டளையை மீறி அக்காவை நேராகப் பார்த்தாள். பயத்தில் வெளுத்திருந்த முகம் மெதுவாக மலர்ந்தது. தனக்குத் தைரியம் வரட்டும் என்று அக்காவும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாள், தன்னிடம் சொல்லாமல் வைத்திருந்து திடுக்கிட வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்ட முகம். அக்கா ஓடினாள். வரிசைக்குள் நுழைந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஒரு ஆள். ஒரு அம்மாள். மடியில் பை வைத்த ஒரு பெண். அதற்கப்புறம் தங்கை வரைக்கும் காலி இருக்கைகள். எல்லாம் கீழே இறங்கியிருந்தன.

காலி இருக்கையின் முன்னால் அக்காவின் கால் எதன்மேலோ இடித்தது.

முழங்கால்.

குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தள்ளினாள். அது தள்ளப்படவில்லை. துணிக்குள் எலும்பு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு முழங்கால். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. யாரும் வழிவிடவில்லை.

"குட்டி..."

காதோரம் ஈரமாக ஒரு மூச்சு பட்டது. மூக்கடைத்த மூச்சு.

உஷ்.

அக்கா கத்தினாள். வாய் திறந்தது, தொண்டை நரம்புகள் புடைத்தன, நெஞ்சு வலித்தது. ஒன்றும் வரவில்லை. வெளிச்சத்தின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற அவளைப் பார்த்து அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. பீப்பாய் தூரத்தில் அதே மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவள் விரலை உதட்டின்மேல் வைத்தாள். அந்த விரலைத் தங்கைக்கு நேராக நீட்டினாள். தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதியம் வந்த அதே சிரிப்பு.

நெட்டை தன் வரியை முடித்துக் கையைத் தங்கையின் பக்கம் விரித்தாள். லைட் அக்காவை விட்டு நகர்ந்து தங்கைக்குப் போனது. போகிற வழியில் அந்த வரிசை முழுவதையும், பின்வரிசையையும், அதற்குப் பின்வரிசையையும் தடவிக்கொண்டு போனது. மடங்கிய இருக்கை ஒன்றுகூட இல்லை.

தங்கை எழுந்து நின்றாள். அக்காவைப் பார்த்தபடியே, வீட்டில் தலை துவட்டும்போது பாடுவாளே, அப்படி முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

கழுத்திலிருந்த ஹெட்போனில், தங்கையைச் சுற்றி, ஆளில்லாத அந்த இருக்கைகளில், எல்லோரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.